நான் மினுக்கி வைத்த இலக்கம்

சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம் முடிகிற நேரம், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து வருகிற பிந்திய மந்தரின் என்கிற சின்னத் தோடம்பழங்களைச் சந்தையில் கூவிக் கூவி விற்கிற காலம். நானும் ஒரு பை வாங்கிக்கொண்டு, வழியில் இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டு, கொஞ்சம் பிந்தித்தான் வேலைக்குப் போனேன்.

நான் யாழ்ப்பாணத்துப் பெண். இந்த ஊரில் வயோதிபர்களைப் பார்க்கிற வேலை. இத்தாலியன் எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. மீன்காரனோடு விலை பேசியும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற கிழவிகளோடு கால்வலி பேசியும் வாயாலேயே பொறுக்கி எடுத்த பாஷை. யாராவது ஒரு நல்ல வசனம் சொல்லிவிட்டால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவரிடம் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. மீன் புதுசா என்று கேட்டதற்கு அந்த மீன்காரன் ஒருநாள், "சிஞ்ஞோரா, தான் செத்துப்போனது இதுக்கே இன்னும் தெரியாது" என்றான். ஒரு கிழமை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தேன். என் கணவருக்கு மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. அவர் சொல்வார், "உன்னட்டை வழி கேட்டவன், நீ சொல்லி முடிக்க முதல் தானே தேடிப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்திடுவான்." உண்மைதான். எனக்கு வாய் ஓயாது.

நான் பார்த்துக்கொண்ட ஐயா வாழ்நாள் முழுவதும் பாண் போட்டவர். பேக்கரியைக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தவருக்குத் திடீரென்று பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வாயால் ஒரு 'ஆ' மட்டும்தான் வரும். இடது கை வேலை செய்யும், தலையைக் கொஞ்சம் அசைப்பார். எந்தப் பாஷையில் கதைத்தாலும் அவர் பதில் சொல்லப் போவதில்லைத்தானே என்று நான் அவரோடு தமிழிலேயே கதைத்துக்கொண்டிருப்பேன். "என்ன ஐயா, இண்டைக்கு முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? ராத்திரி நித்திரை கொள்ளேல்லையோ?" என்று கேட்டு, பதிலையும் நானே சொல்லிவிடுவேன். அவருக்குத் தாகம் எது, பசி எது, கால் மரத்துப்போனது எது என்று பார்த்த பார்வையில் எனக்குத் தெரியும். நான் அவருடைய வாய் மாதிரி ஆகிவிட்டேன் என்று ஐயாவின் மகளே எல்லோரிடமும் சொல்வார். அதில் எனக்குப் பெருமை.

அந்த வீட்டு முற்றத்தின் பின்னால் ஒரு கராஜ். அதற்குள் ஒரு அமெரிக்கக் கார் நின்றது. மஸில் கார் என்பார்கள். பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்து, வேகமாக ஓடுவதற்கென்றே அறுபதுகளின் கடைசியில் செய்த வண்டி. பொனட் மட்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை விட நீளம். ஒரேத்தோ ஒழுங்கைகளுக்குள் அது திரும்பவே திரும்பாது. இந்தத் தீவில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்துச் சிப்பாய் ஒருவன், ஊருக்குத் திரும்பும்போது கறள் பிடித்த நிலையில் விற்றுவிட்டுப் போனதாம். ஐயா இரவெல்லாம் பாண் போட்டுவிட்டு, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பி, பின்னேரங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பித்திருக்கிறார். உடம்புக்குப் புது வர்ணம், சீட்டுக்குப் புதுத் தோல். ஆனால் எஞ்சினை மாற்றவில்லை. அது அந்தக் காரோடேயே பிறந்த எஞ்சின் என்பது அவருடைய சத்தியம்.

இதில்தான் ஒரு வழக்கு இருந்தது. ஐயாவுக்கு ஒரு பழைய சிநேகிதர். லொறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தியில் இருந்த கோப்பிக் கடையில் எல்லோருக்கும் முன்னால் ஐயாவைச் சீண்டுவாராம். "மா குழைக்கிறவனுக்கு எஞ்சின் எங்கை விளங்கப்போகுது? அந்த அமெரிக்கன் வேறை வண்டியின்ரை எஞ்சினை உன்ரை தலையில கட்டிப்போட்டுக் கப்பலேறீட்டான்." ஐயா விடமாட்டாராம். "ஒருநாளைக்கு பெரித்தோ வந்து பார்த்துச் சொல்லுவார். அண்டைக்கு உந்த வாயை எங்கை கொண்டுபோய் வைக்கப்போறாய்?" பெரித்தோ என்றால் இங்கே மதிப்பீடு செய்கிறவர். இதெல்லாம் மகள் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னது.

ஐயாவே வட இத்தாலியிலிருந்த ஒரு பெரித்தோவுக்கு ரெலிபோன் எடுத்து, வரச் சொல்லிக் கேட்டு, நாளும் குறித்துவிட்டார். அதற்குள் அவருக்கு இந்தப் பாரிசவாதம் வந்துவிட்டது. மகள் அந்த நாளை நிற்பாட்டவில்லை. "அப்பா இதுக்குத்தான் காத்திருந்தவர். அவர் சொன்னது உண்மை எண்டு ஒருத்தர் எழுதித் தரட்டும்" என்றார். எஞ்சின் அந்தக் காரினுடையதுதான் என்று எழுதிக் கிடைத்தால், தோரினோவில் ஒருவர் அதை வாங்கித் தன்னுடைய பழைய கார்களோடு காட்சிக்கு வைப்பதாகவும், பக்கத்தில் ஐயாவின் பெயரை எழுதி வைப்பதாகவும் சொல்லியிருந்தார். ஐயாவுக்கு அது தெரியும். அதைக் கேட்ட அன்றைக்கு அவருடைய முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது.

பெரித்தோ வருவதற்கு முதல் நாள் மகள் வேலைக்குப் போகும்போது என்னிடம் சொன்னார், "காரிலை தூசி இருக்கும். ஒருக்கா தட்டி விடுங்கோ, போதும்."

போதும் என்றுதான் சொன்னார். ஆனால் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் நாளைக்கு ஒருவர் பார்க்க வருகிறார் என்று சொன்னால், அவள் தூசி தட்டுவதோடு நிற்பாளா? வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதல் நாளே குத்துவிளக்கையும் செம்பையும் முற்றத்தில் குவித்து, புளியும் சாம்பலும் போட்டு முகம் தெரிகிற வரைக்கும் மினுக்குகிறவர்கள் நாங்கள். மங்கிப்போன விளக்கை ஆட்களுக்கு முன்னால் வைப்பது எங்களுக்கு மானக்கேடு. அந்தக் கையோடுதான் நான் கராஜுக்குப் போனேன்.

ஐயாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், காருக்கு நேரே விட்டேன். மடியில் ஒரு மந்தரினை உரித்து வைத்தேன். வெளியில் துடைத்து முடித்தபிறகு பொனட்டைத் திறந்தேன். எப்படித் திறப்பது என்று மகள் முன்பே காட்டியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியில் கண்ணாடி மாதிரி மினுங்குகிற காருக்குள்ளே இவ்வளவு ஊத்தையா!

"ஐயோ ஐயா, என்ன இது? மாப்பிள்ளைக்கு வேட்டி மட்டும் புதுசு, உள்ளுக்குக் குளிக்கேல்லை எண்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரித்துக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினேன்.

எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டுச் சுவரில் மெழுகுப் பென்சிலால் யாரோ கோடும் கிறுக்கலும் போட்டிருந்தார்கள். யாரோ குழந்தை விளையாடியிருக்கிறது என்று நினைத்தேன். குசினியில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்குகிற தண்ணி மருந்தை அடித்து, ஒரே இழுவையில் துடைத்துவிட்டேன். எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் தட்டையான இடம். அதில் கெட்டியாகக் கிறீஸ் அப்பிக் கிடந்தது. வழித்துப் பார்த்தால் உள்ளே இலக்கங்கள்! அட, இதைத்தானே நாளைக்கு அந்த மனுசன் வாசிக்கப்போகிறார் என்று எனக்கு ஒரே உற்சாகம். தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். போதவில்லை. ஐயாவின் மேசை லாச்சியில் மரத்துக்குப் போடுகிற சாண்ட் பேப்பர் கிடந்தது. அதை விரலில் சுற்றி, வெள்ளிக் காசு மாதிரி வரவேண்டும் என்று உரஞ்சத் தொடங்கினேன்.

அப்போதுதான் ஐயா இடது கையால் நாற்காலிக் கையில் அடிக்கத் தொடங்கினார். டக், டக் என்று. "ஆ, ஆ" என்றும் சத்தம் வந்தது.

"ஓம் ஐயா, தெரியுது, உங்களுக்குச் சந்தோசம்! பொறுங்கோ, இன்னும் மினுக்கித் தாறன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். முகத்தை நிமிர்த்தி நாடியை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். கண் சுருங்கி இருந்தது. முற்றத்து வெயில் கராஜ் வாசலால் நேரே அவருடைய முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வெளிச்சம் கண்ணுக்குள்ளை குத்துதோ? நான் ஒரு விசரி, கவனிக்கேல்லைப் பாருங்கோ" என்று சொல்லி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அதாவது, காருக்கு முதுகு காட்டி.

அவர் இன்னும் பலமாக அடித்தார். மடியில் இருந்த மந்தரின் சுளைகள் நிலத்தில் விழுந்தன. நான் முடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவருடைய கன்னம் நனைந்திருந்தது. வெயில் பட்ட கண், அதோடு சந்தோசம் என்று நினைத்துத் துவாயால் துடைத்துவிட்டேன். பிறகு அந்த மினுங்குகிற இலக்கத்தோடு என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். "உந்தக் காரை வைச்சு ஒரு கல்யாணமே நடத்தலாம்" என்று பதில் வந்தது.

மறுநாள் காலை பெரித்தோ வந்தார். நடுத்தர வயது, குரலை உயர்த்தாத மனிதர். கையில் ஒரு சின்ன ரோர்ச், பல் வைத்தியர் வைத்திருப்பது போலக் கம்பி வைத்த கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி. மகள் லீவு எடுத்து நின்றார். அந்தச் சிநேகிதரும் வந்துவிட்டார். வாசலிலேயே ஐயாவின் தோளில் தட்டி, "வந்திட்டன் பார். இண்டைக்கு உன்ரை பொய் வெளிக்குது" என்று கண்ணைச் சிமிட்டினார். ஐயா அவரைப் பார்க்கவே இல்லை. நான் கோப்பி கொடுத்துக்கொண்டு நின்றேன். உள்ளே எனக்கு, பிள்ளையின் பரீட்சை முடிவு பார்க்கப் போன தாய் மாதிரி ஒரு படபடப்பு.

பெரித்தோ வெளியிலிருந்து தொடங்கினார். கதவு இடுக்குகளில் விரலை ஓட்டினார். கண்ணாடியைக் கீழே நீட்டிச் சட்டத்தைப் பார்த்தார். வர்ணம் புதுசு, ஆனால் நிறம் சரியான நிறம் என்றார். சீட்டின் தையலைப் பார்த்து, "இதை யார் தைச்சது?" என்று கேட்டார். "அப்பாதான்" என்று மகள் சொன்னதும், "நல்ல கை" என்றார். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த காரின் இலக்கத்தை எழுதிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஐயா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

பிறகு பொனட்டைத் திறந்தார்.

முதலில் பின்சுவரைப் பார்த்தார். ரோர்ச்சைச் சரித்துச் சரித்துப் பிடித்தார். பிறகு அந்தத் தட்டையான இடத்துக்குக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

"இதைச் சமீபத்தில் யாரோ உரஞ்சியிருக்கினம்" என்றார்.

நான் முந்திக்கொண்டு சொன்னேன், "நான்தான் சிஞ்ஞோர்! நேற்று. உங்களுக்கு வாசிக்கச் சுகமாய் இருக்கட்டும் எண்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மெதுவாக எனக்கு விளங்கப்படுத்தினார். இலக்கம் காரின் இலக்கத்தோடு ஒத்துப்போகிறதாம். ஆனால் இலக்கத்தை யாரும் அடிக்கலாம். களவாக அடிக்கிறவர்கள் முதலில் அந்த இடத்தை இப்படித்தான் தேய்த்துப் பழைய இலக்கத்தை எடுப்பார்களாம். தொழிற்சாலையில் அந்த இடத்தைச் சீவும்போது மயிரிழை மாதிரி மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகளின் மேல் இலக்கம் இருந்தால்தான் அது பிறந்த இலக்கம். அந்தக் கோடுகள் இப்போது இல்லை. பின்சுவரில் தொழிற்சாலை ஆட்கள் பரிசோதித்துவிட்டு மெழுகுப் பென்சிலால் போட்ட அடையாளங்கள் இருந்திருந்தால், அதுவும் ஒரு சாட்சியாக இருந்திருக்கும் என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கிறீஸ் ஊத்தை இல்லை. கறள் பிடிக்காமல் ஐயா பூசி வைத்த காப்பு.

"பழைய படம் ஏதும் இருக்கா?" என்று பெரித்தோ கேட்டார். மகள் போனில் தேடித் தேடிப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில் ஐயா, காருக்குள் ஐயா, காரில் சாய்ந்துகொண்டு ஐயா. பொனட்டுக்குள் ஒன்றும் இல்லை. அந்த இலக்கம் இருந்த ஒரே படம் என்னுடைய போனில் இருந்தது. மினுக்கி முடித்தபிறகு எடுத்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"நான் தூசி தட்டத்தானே சொன்னனான்" என்றார் மகள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார்.

பெரித்தோ எழுத வேண்டியதை எழுதத்தானே வேண்டும். நல்ல தரமாகத் திருத்திய வண்டி, எஞ்சின் இதே வண்டியினுடையதா என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று எழுதினார். "இல்லை எண்டு நான் சொல்லேல்லை. ஓம் எண்டு சொல்ல என்னட்டை ஒண்டும் மிஞ்சேல்லை" என்று ஐயாவுக்கு முன்னால் குனிந்து சொன்னார். பெறுமதி எவ்வளவு குறையும் என்று சிநேகிதர் கேட்டதற்கு, "ஓம் எண்டு எழுதினதுக்கும் எழுதாததுக்கும் இடையிலை, ஒரு வீட்டுக்கும் அந்த வீட்டுக் கோழிக்கூட்டுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார். எவ்வளவு நல்ல வசனம். அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

சிநேகிதர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தார். வென்றவர் அவர்தான். ஆனால் அந்த மனுசனின் முகம் செத்துப்போயிருந்தது. ஐயாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், "டேய், நீ சொன்னதுதான் சரியடா. எனக்கு எப்பவோ தெரியும். உன்னைக் கிண்டத்தான் அப்பிடிக் கதைச்சனான்."

ஐயா நாடியை மேலே தூக்கினார். ஒருதரம், நிதானமாக.

இந்த ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். நாடியை மேலே தூக்கினால் அது 'இல்லை'. வாய் திறக்கத் தேவையில்லை. பழைய சிநேகிதன் பாவம் பார்த்துப் போடுகிற வெற்றி தனக்கு வேண்டாம் என்று ஐயா சொல்கிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

எனக்கு அதற்கு மேலும் ஒன்று விளங்கியது. நேற்று அவர் தூக்கித் தூக்கிக் காட்டியதும் இதே நாடிதான். இந்த ஊரில் இத்தனை வருடம் இருக்கிறேன். நாடியைத் தூக்கிய மீன்காரனிடம் நான் ஒருநாளும் மேற்கொண்டு விலை கேட்டதில்லை. என் ஐயா வேண்டாம், தொடாதே, விடு என்று தன்னிடம் மிஞ்சியிருந்த எல்லாவற்றாலும் கத்திக்கொண்டிருந்தபோது, வெயில் குத்துகிறது என்று நானே கேட்டு, நானே பதில் சொல்லி, அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன்.

பின்னேரம் எல்லோரும் போனபிறகு அவரைக் கட்டிலில் படுக்க வைத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வீட்டில் நான் வாய் திறக்காமல் வேலை செய்தேன். கடைசியில் கட்டிலடியில் இருந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. எனக்குத் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் இடது கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்துவிட்டார்.

மகள் அறை வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். "அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.

"தெரியேல்லை" என்றேன்.

மகள் என்னை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. தோரினோக்காரர் பின்வாங்கிவிட்டார். கார் ஒரு வியாபாரியிடம் போனது. அவர் அதற்கு வேறு நிறம் அடித்து, எஞ்சினையும் கழற்றிப் புதிதாக ஒன்று வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். இனி யார் நினைத்தாலும் ஐயாவின் சொல்லை நிரூபிக்க முடியாது. அடுத்த குளிர் வருவதற்குள் அவரும் போய்விட்டார். செத்தவீட்டில் அந்தச் சிநேகிதர் தனியே ஒரு மூலையில் நின்றார்.

இப்போது வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு அம்மாவைப் பார்க்கிறேன். கதைப்பதை நான் விடவில்லை. அது என்னோடு பிறந்தது. ஆனால் அவருடைய கையோ கண்ணோ அசைந்தால் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் போய் இருந்து, கேட்டு, காத்திருக்கிறேன். சில வேளை நேரம் போகும். போகட்டும்.

ஐயா அன்றைக்கு என் மணிக்கட்டில் வைத்த கையை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் அவர் சொல்லாத ஒன்றை அவருக்காக இன்னொரு முறை நான் சொல்லிவிடக் கூடாது என்று, அந்தக் கையின் பாரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.